ஹூ சொல்ல வந்த கடைசி எழுத்து

ஒரு தேசத்துல, எகிப்துன்னு பேரு, சூரியன் தினமும் படகுல போவாராம். அந்தப் படகுல ரெண்டு சின்ன சாமி, அண்ணன் தம்பி. அண்ணன் ஸியா. ஒண்ணைப் பார்த்தார்னா உள்ளது உள்ளபடி தெரிஞ்சிடும். ஆனா அவர் சொன்னா எதுவும் நடக்காது. தம்பி ஹூ. அவர் எதைச் சொன்னாலும் அப்படியே ஆயிடும், திருப்பி எடுக்க முடியாது. ஆனா அவருக்கு எதுவும் தெரியாது. அதனால அண்ணன் காதுல சொல்லுவார், தம்பி வாய்விட்டுச் சொல்லுவார். அதுதான் வழக்கம். ம் சொல்லு. சரி.

ஒருநாள் ஹூவுக்குப் பொறுமை போயிடுச்சு.

"நீ பார்த்து முடிக்கிறதுக்குள்ள ஆமை நைல் ஆத்தையே தாண்டிடும் அண்ணே. நான் தனியாப் போறேன்."

"போ. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுப் போ."

தொபுக்குன்னு கரையில குதிச்சார். முதல்ல ஒரு குளம். தாமரை இலை மூடியிருந்தது, தண்ணி தெரியலை. "காஞ்சு கிடக்கு"ன்னார். சொர்ர்ருன்னு வத்திடுச்சு. சேத்துல பன்னெண்டு மீன் துள்ளுச்சு. அந்தக் குளம் இன்னைக்கும் அப்படித்தான்.

அப்புறம் ஒரு கழுதை, நின்னபடி தூங்குச்சு. "இது நகராது"ன்னார். அது கல்லா நின்னுடுச்சு. மூணு பேர் தள்ளியும் அசையலை.

அப்புறம் ஒரு வீடு. மெரெத்னு ஒருத்தி, அந்த ஊர் வழக்கப்படி ரெண்டு செங்கல் மேல குந்தி, பொண்ணு பெத்திருந்தா. பிள்ளை அழலை, நீலமாக் கிடந்தது. ஹூ வாசல்லயே நின்னு, "உசிர் இல்..."

டப்புன்னு ஈரக்கையால அவர் வாயைப் பொத்தினா மருத்துவச்சி நெபெத். "யாருய்யா நீ? கிட்ட வந்து பார்க்காம என்ன பேச்சு?"

இன்னும் ஒரு எழுத்துதான் பாக்கி இருந்தது.

அப்போதான் ஹூவுக்கு முதல்முறையா பயம் வந்தது. கையை விலக்கி, "அண்ணே, வா!"ன்னார். அவர் சொன்னா ஆயிடுமே, ஸியா பக்கத்துல நின்னார். குனிஞ்சு பார்த்தார். மெதுவாத்தான்.

"சீக்கிரம் பாருங்கய்யா!"ன்னு மெரெத் கத்தினா. ஹூ அவசரப்படுத்தலை, பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னார்.

"நெஞ்சு துடிக்குது, லேசா. தொண்டையில சளி"ன்னார் ஸியா.

நெபெத் விரலை விட்டுச் சளியை எடுத்தா. பிள்ளை முதுகுல தட்டினா. ஒண்ணு, ஒண்ணுமில்லை. ரெண்டு, ஒண்ணுமில்லை. ஸியா தம்பி காதுல ஏதோ சொன்னார்.

"அழுவா"ன்னார் ஹூ.

மூணாவது தட்டு. ங்ஙே... ங்ஙேஏஏ!

மெரெத் பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. "சாமி, இவ எத்தனை வருஷம் இருப்பான்னும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

ஹூ வாயைத் திறந்தார். மூடினார். "அண்ணே?"ன்னார்.

"இரு, பார்க்கிறேன்."

"பாரு. நிதானமாப் பாரு"ன்னு சொல்லிட்டு, ஹூ அந்த மண்தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டார்.

கதை இவ்வளவுதான். கண்ணை மூடு.