தொட்டுப் பார்க்காத நரிக்குட்டி

தாழங்குளத்தின் கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கூரை கிடையாது, சுவர் கிடையாது. ஒரு நாவல் மரம், அதன் நிழல், அவ்வளவுதான் வகுப்பறை.

பாடம் நடத்தியது ஓர் எருமை. அவருக்குப் பாதி உடம்பு குளத்துத் தண்ணீரில் இருக்கும். தலை மட்டும் வகுப்பில் இருக்கும். வெயில் ஏற ஏற டீச்சர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விடுவார். உச்சி வெயிலில் இரண்டு கொம்பும் இரண்டு மூக்குத் துளையும்தான் வெளியே தெரியும். அப்போதும் பாடம் நிற்காது.

அந்தப் பள்ளியின் முதல் விதி, வகுப்பு நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது. அதற்காகவே டீச்சர் காலையில் ஒருமுறை பெயர் கூப்பிடுவார். வீட்டுக்கு விடும்போது இன்னொருமுறை கூப்பிடுவார். யாராவது "உள்ளேன் டீச்சர்!" சொல்லத் தாமதித்தால் போதும். எல்லோருடைய கண்ணும் நரிக்குட்டி சடையன் மேல் பாயும்.

"நான் ஒண்ணும் பண்ணல!" என்று அவன் அலறுவான்.

பாவம், அவன் ஒருநாளும் ஒன்றும் பண்ணியதில்லை. வயிறு முட்ட நண்டு தின்றுவிட்டுத்தான் பள்ளிக்கே வருவான்.

காலையில் முதல் பாடம் 'தொட்டுச் சொல்'. நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையில் பழைய தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று தொங்கியது. எப்போதோ காற்றில் விழுந்த கூடு அது. டீச்சர் அதைத் தலைகீழாக மாட்டி வைத்திருந்தார். அதன் நீளமான குழாய் இப்போது மேலே பார்த்தது. உள்ளே கையை விட்டால் அடி வரை போகும். எட்டிப் பார்த்தால் இருட்டுதான் தெரியும். அதற்குள் டீச்சர் தினம் ஒரு பொருளைப் போட்டு வைப்பார்.

ஒவ்வொருவராக வந்து கையை விட வேண்டும். கையில் பட்டதைச் சொல்ல வேண்டும். வழவழப்பா, சொரசொரப்பா? சூடா, குளிர்ச்சியா? கடைசியில் அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர் கூட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் குளத்தில் கவிழ்ப்பார். உள்ளே இருந்தது மிதக்குமா, மூழ்குமா என்று வகுப்பே கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்கும். பரிசும் உண்டு. டீச்சர் முதுகில் ஏறிக் குளத்தை ஒரு சுற்று சுற்றி வரலாம்!

அந்தச் சவாரிக்கு ஆசைப்படாத குட்டியே இல்லை. ஆனால் கொஞ்ச நாளாகச் சடையன்தான் தினமும் சவாரி போனான்.

"தொடவே வேண்டாம் டீச்சர்! எனக்குத் தெரியும். புளியங்கொட்டை!"

புளியங்கொட்டைதான் இருந்தது.

"இன்னிக்கு நத்தை ஓடு!"

நத்தை ஓடேதான்.

எப்படி? பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகுதான் டீச்சர் மறுநாளுக்கான பொருளைக் கூட்டில் போடுவார். சடையன் தாழம்புதருக்குள் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பான். தாழை முள் மூக்கில் குத்தும். பொறுத்துக்கொள்வான். அந்தப் பொறுமையில் பாதியைப் பாடத்தில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பான்!

நாளாக நாளாக மற்றவர்களும் கூட்டைத் தொடுவதை விட்டுவிட்டார்கள். "சடையன் சொன்னதுதான் டீச்சர், எனக்கும் அதேதான்!" என்று தவளை குண்டுமணி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவான். முயல் தலையை ஆட்டும். கீரிப்பிள்ளை கொட்டாவி விடும்.

ஒருத்தி மட்டும் விடவில்லை. அவள் முள்ளெலிக் குட்டி தும்பை. அவளுக்குக் கண் கொஞ்சம் மங்கல். ஆனால் கையில் எது பட்டாலும் அதை லேசில் விடமாட்டாள்.

"டீச்சர், புளியங்கொட்டை ஏன் இவ்வளவு வழவழன்னு இருக்கு? டீச்சர், நத்தை ஓடு ஏன் சுத்திச் சுத்திப் போகுது? எங்க போய் முடியுது?"

"ஐயோ, ஆரம்பிச்சுட்டா!" என்று வகுப்பே தலையில் அடித்துக்கொள்ளும்.

அவள் கேட்டு முடிப்பதற்குள் சடையன் சவாரியே போய் வந்துவிடுவான். தும்பை ஒரு நாளும் டீச்சர் முதுகில் ஏறியதில்லை. ஏங்கிப் பார்ப்பாள். பிறகு மறுபடியும் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவாள்.

டீச்சருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் எருமை எதையும் அவசரப்பட்டுக் கேட்காது. அசை போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் சாயங்காலம் டீச்சர் ஒரு கூழாங்கல்லைக் கூட்டில் போட்டார். புதருக்குள் இருந்த சடையன் வாலை ஆட்டிக்கொண்டான். 'நாளைக்கும் சவாரி நமக்குத்தான்!'

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பெரிய காற்று அடித்தது. குட்டிகள் பள்ளிக்கு வந்தபோது மரத்தடி முழுக்கச் சருகாகக் கிடந்தது. நாவல் மரத்தில் அணிலம்மா மேலும் கீழும் ஓடிக் கதறிக்கொண்டிருந்தார்.

"என் கடைக்குட்டியைக் காணோம் டீச்சர்! காத்துல எங்க கூடு சாஞ்சுடுச்சு. மத்த பிள்ளைங்க இருக்கு. அவன் மட்டும் எங்கேயோ விழுந்துட்டான். இன்னும் கண்ணுகூடத் திறக்கல டீச்சர்!"

எல்லோரும் தேடினார்கள். வேருக்கு அடியில் பார்த்தார்கள். புல்லை விலக்கிப் பார்த்தார்கள். எங்கும் இல்லை. அணிலம்மா ஓடுவதை நிறுத்திவிட்டுச் சடையனையே பார்த்தார்.

"இவனைக் கேளுங்க டீச்சர்!"

"நான் இல்ல! சத்தியமா நான் இல்ல!" என்று சடையன் அலறினான். தினமும் பக்கத்தில் உட்காரும் குண்டுமணி மெல்லத் தள்ளி உட்கார்ந்தான். சடையனுக்கு அதுதான் ரொம்ப வலித்தது.

"யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டாம். சருகுக்குள்ள கிடந்தா நம்ம காலே அதை மிதிச்சுடும். எல்லாரும் உட்காருங்க," என்றார் டீச்சர். "அணிலம்மா, நீங்க கிளை கிளையாப் பாருங்க. நான் சருகை முகர்ந்து பாக்குறேன். பசங்களா, அதுவரைக்கும் நீங்களே 'தொட்டுச் சொல்' நடத்துங்க. ஒழுங்கா நடத்தணும்!"

டீச்சர் தண்ணீரை விட்டு எழுந்து வந்தார். மூக்கால் ஒவ்வொரு சருகாகப் புரட்டிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போனார்.

அணில்குட்டி எங்கே விழுந்தது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மேலே பார்த்துத் திறந்திருந்த அந்தக் குழாய் வழியாக நேரே கூட்டுக்குள் போய், கூழாங்கல்லுக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரிகிறது. வகுப்புக்குத் தெரியவில்லை!

சடையன் எழுந்தான். எல்லோரும் தன்னைத் திருடனைப் போல் பார்க்கிறார்களே என்று அவனுக்கு ஆத்திரம். தான் யார் என்று காட்டிவிட வேண்டும் என்று நினைத்தான்.

"கூழாங்கல்! போட்ட உடனே மூழ்கும். எல்லாரும் கரைக்கு வாங்க!"

"இரு," என்றாள் தும்பை. "நான் இன்னும் தொடல."

"எதுக்குத் தொடணும்? கல்லுதான்."

"பாடத்துக்குப் பேரே தொட்டுச் சொல்லுதானே?"

"ஐயோ, ஆரம்பிச்சுட்டா!" என்றது கீரிப்பிள்ளை.

தும்பை ஒரு வேர் மேல் ஏறி நின்று கையைக் கூட்டுக்குள் விட்டாள். மெதுவாகத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"கல்லு இருக்கு. ஜில்லுன்னு இருக்கு," என்றாள். "ஆனா பக்கத்துல இன்னொண்ணும் இருக்கு. கதகதன்னு இருக்கு."

"வெயில் பட்டிருக்கும்!"

"வெயில் பட்டா கல்லுதானே சுடணும்? இது ஏன் மெத்துன்னு இருக்கு? இது ஏன் ஏறி ஏறி இறங்குது?"

"கல்லு மூச்சு விடுதாம்!" என்று குண்டுமணி கத்தினான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"சரி, அது என்ன? பேரைச் சொல்லு பாப்போம்!" என்றான் சடையன்.

"பேரு... தெரியல."

"தெரியலைன்னா கையை எடு!"

அவளைத் தள்ளிவிட்டுச் சடையன் கூட்டை வாயால் கவ்வினான். கிளையிலிருந்து கழற்றிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினான். "மூழ்கும்! மூழ்கும்!" என்று எல்லோரும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

"கவுக்காதே! சடையா, கவுக்காதே!"

யார் காதில் விழுகிறது? தும்பையின் குட்டைக் கால்கள் நரியைப் பிடிக்குமா? பிடிக்காது. கரையோ சரிவாக இறங்கியது. தும்பை யோசிக்கவில்லை. தலையை வயிற்றுக்குள் இழுத்தாள். முள்ளை எல்லாம் நிமிர்த்திக்கொண்டு பந்தாகச் சுருண்டாள். கடகடவென்று சரிவில் உருண்டாள்.

"ஐயோ! என் காலு!"

சடையன் துள்ளினான். வாயிலிருந்த கூடு நழுவித் தண்ணீருக்கு ஒரு சாண் முன்னால் சேற்றில் சரிந்தது. தும்பை சுருளைப் பிரித்துக்கொண்டு ஓடினாள். கூட்டின் வாயை மறித்து மறுபடியும் முள்ளை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு டீச்சர் வந்துவிட்டார்.

"டீச்சர், இவ குத்திட்டா!"

"டீச்சர், கல்லு மூச்சு விடுதுன்னு சொல்றா!"

டீச்சர் அசை போடுவதை நிறுத்தினார். அவர் வாய் அசையாமல் நின்று யாரும் பார்த்ததே இல்லை.

"சடையா, நீ தொட்டுப் பாத்தியா?"

"எனக்குத்தான் தெரியுமே டீச்சர்..."

"தெரியுமான்னு நான் கேக்கல. தொட்டியான்னு கேட்டேன்."

சடையன் தலையைக் குனிந்தான்.

"தும்பை, வழி விடு. இப்பத் தொடு சடையா. மெதுவா."

சடையன் கூட்டுக்குள் கையை விட்டான். எத்தனையோ முறை அந்தக் கூட்டை வைத்துச் சவாரி போனவன், அதற்குள் கை விட்டது அன்றைக்குத்தான். கல் தட்டுப்பட்டது. அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. கை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. சிரிப்பு போய்விட்டது. அவனுடைய இரண்டு காதும் தாழ்ந்தன.

"டீச்சர்... துடிக்குது."

"என்னது அது?"

"எனக்குத் தெரியல டீச்சர்," என்றான் சடையன். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததும் அன்றைக்குத்தான்.

உள்ளேயிருந்து மெல்லியதாக ஒரு 'கீச்' கேட்டது. அவ்வளவுதான்! மரத்தின் உச்சியிலிருந்து அணிலம்மா எப்படி இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. கூட்டின் குழாய்க்குள் பாதி நுழைந்து வெளியே வந்தபோது, அவர் வாயில் ஓர் அவரைக்காய் நீளத்துக்கு ரோஸ் நிறத்தில் ஓர் உயிர் நெளிந்தது. அதை மடியில் போட்டு நக்கி நக்கி அழுதார். பிறகு சடையனைப் பார்த்தார்.

"உன்னைத் தப்பாச் சொல்லிட்டேன்ப்பா. மனசுல வெச்சுக்காதே."

சடையனால் அதைத் தாங்க முடியவில்லை. "இல்லீங்கம்மா. இன்னும் ஒரு எட்டு வெச்சிருந்தா நீங்க சொன்னது நிஜமாப் போயிருக்கும்," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். அழுதுகொண்டே தாழம்புதர் விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டான்.

"உன் மூக்குல இருந்த முள் காயத்தைத் தினமும் பாத்தேன். எங்கேயிருந்து வந்துதுன்னு அன்னிக்கே கேட்டிருக்கணும்," என்றார் டீச்சர். "சரி, கண்ணைத் துடை. தும்பை, ஏறு என் முதுகுல!"

தும்பை தயங்கினாள். "நான் பேரைக் கண்டுபிடிக்கலையே டீச்சர்."

"பேரை அவங்கம்மா வெச்சுக்குவாங்க. நீ ஏறு!"

குண்டுமணி கைதட்டினான். பிறகு சத்தமில்லாமல் நகர்ந்து வந்து சடையனை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

டீச்சர் குளத்தில் இறங்கினார். குளத்தின் நடுவில் போனதும் தும்பை குனிந்து தண்ணீரைப் பார்த்தாள்.

"டீச்சர், சின்னக் கல்லு மூழ்கிடுது. நீங்க இவ்வளவு பெருசா இருந்தும் ஏன் மூழ்கல?"

கரையிலிருந்து யாரும் "ஆரம்பிச்சுட்டா!" என்று கத்தவில்லை. எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு டீச்சரையே பார்த்தார்கள். அட, ஏன் மூழ்கவில்லை?

"எனக்கும் சரியாத் தெரியாது," என்றார் டீச்சர். "நாளைக்கு எல்லாரும் சேர்ந்து பாக்கலாம்."

மறுநாள் கூட்டுக்கு முன்னால் நீள வரிசை நின்றது. முதல் ஆள் சடையன்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டான்.

"சொரசொரன்னு இருக்கு டீச்சர். ஒரு பக்கம் மட்டும் வழவழன்னு இருக்கு. நடுவுல ஏதோ ஓட்டை..." அவன் வால் தானாக ஆடத் தொடங்கியது. "இது என்னன்னு எனக்குத் தெரியலையே! இருங்க, இன்னொரு தடவை தொட்டுப் பாக்குறேன்!"

நேற்றுவரை சரியாக இருந்த பதில் இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாமல், தெரியும் என்று சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நாமே தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.