காற்றை இறக்கியவர்

"எங்கே மாட்டினாலும் சரியா வரமாட்டேங்குது, பஞ்சவர்ணம்" என்றார் வேலுமயில்.

அவர் மடியில் காற்றடிக்கும் கம்ப்ரஸர். ஜீப்பில் அதை மாட்டித் தரச் சொல்லி அவர் மலையிலிருந்து போடியில் அவள் பட்டறைக்கு வருவது இது நான்காவது தடவை.

பஞ்சவர்ணம் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். அவரைவிடப் பத்து வயது இளையவள். மலை ஜீப்காரர்கள் மற்ற இடங்களில் கைவிட்டதையெல்லாம் அவளிடம்தான் கொண்டுவருவார்கள்.

"பானெட்டுக்குள்ள மாட்டினோம். சூடு தாங்கலேன்னு கழட்டினீங்க. அடியில மாட்டினோம். ஓடைத் தண்ணி ஏறுதுன்னீங்க. பின்னாடி மாட்டினா ஆட்டம் தாங்கலேன்னீங்க. அடுத்து தலையிலதான் மாட்டணும்."

அவர் சிரிக்கவில்லை.

"இது அன்னைக்கு இருந்திருந்தா அவ பொழைச்சிருப்பாளா?"

பஞ்சவர்ணம் கம்ப்ரஸரை வாங்கிக்கொண்டாள்.

மலையில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஐப்பசியில் ஒரு காலை, அவர் மனைவி முத்தழகுக்கு நெஞ்சுவலி. பின் சீட்டில் படுக்க வைத்தார். கல்பாதையில் உடம்பு குலுங்கக் கூடாதென்று நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். ஜீப் தொட்டில் மாதிரி இறங்கியது.

தார்ரோடு வந்தது. மெத்தென்ற டயரோடு கொண்டை ஊசி வளைவில் வேகம் எடுக்க முடியாது. டயர் கழன்றுவிடும். கைப்பம்பை எடுத்தார். நான்கு டயருக்கும் அரை மணி நேரம் ஆனது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் இருக்கும்போது அவள் போய்விட்டாள்.

அதன்பிறகு அவர் காற்றை இறக்குவதே இல்லை. ஜீப்பில் வரும் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திட்டினாலும் இறக்குவதில்லை. பழைய கைப்பம்பு பின் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. அதைத் தூக்கி எறியவும் இல்லை, தொடவும் இல்லை.

பஞ்சவர்ணம் இந்தத் தடவை முன் இருக்கைக்குக் கீழே இரும்புப் பட்டை வைத்து, ரப்பர் கொடுத்து முடுக்கினாள். நேரம் எடுத்துச் செய்தாள்.

"இப்ப நாலு டயர்லயும் பாதிக் காத்தை இறக்குங்கண்ணே."

"எதுக்கு?"

"மாட்டினா ஓட்டிப் பாக்க வேண்டாமா?"

ஜீப்பைச் சுற்றி வந்தார். பிறகு குனிந்தார். காற்று சீறி இறங்கியது. ஒவ்வொரு டயருக்கும் அவர் முகம் ஒரு சுற்றுக் கறுத்தது.

அவர் குழாயை முதல் டயரில் பொருத்தியதும் அவள் சுவிட்சைத் தட்டினாள். கம்ப்ரஸர் தகரக் கொட்டகையே அதிரக் கத்தியது.

முதல் டயர் நிறையும் நேரத்தில் பஞ்சவர்ணம் போய்ப் பின் சீட்டில் படுத்துக்கொண்டாள்.

வேலுமயில் குழாயை விட்டு நிமிர்ந்தார். அவள் அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது.

"என்ன?"

மறுபடியும் அசைந்தது.

"கேக்கல தாயி! என்ன சொல்றே?"

பாய்ந்து சுவிட்சை அணைத்தார். கொட்டகை அமைதியானது.

"ஒண்ணுமில்லண்ணே. இந்தச் சத்தத்துல எதுவும் கேக்காது. அன்னைக்கு மதினி ஏதாச்சும் சொன்னாங்களா?"

அவர் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான்கு மாதத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்குக் கொண்டுவந்தீர்கள் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

"சொன்னா."

"என்ன?"

"மெதுவா அடிங்க. உங்களுக்கு மூச்சு வாங்குதுன்னு சொன்னா."

பஞ்சவர்ணம் எழுந்து உட்கார்ந்தாள்.

"அதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று கத்தினார் வேலுமயில். "அவ இல்லையே!"

"இல்லதாண்ணே."

வெளியே ஒரு லாரி போனது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"இன்னும் மூணு டயர் இருக்கு. சுவிட்சைப் போடவா?"

அவள் கீழே இறங்கினாள். அவர் பின் சீட்டுக்கு அடியில் கைவிட்டார். கைப்பம்பு தூசியோடு வந்தது.

இரண்டாவது டயரை ஆவேசமாக அடித்தார். மூன்றாவதிலும் அப்படித்தான். நான்காவதில் மூச்சு முட்டியது.

நிறுத்தினார். காலியான பின் சீட்டை ஒரு தடவை பார்த்தார்.

மெதுவாக அடித்தார்.