புறங்கை

"கால் கழுவவா டாக்டர் நான் இங்க வந்தேன்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

காரைக்குடியில், சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கென்றே சின்னதாக ஒரு மருத்துவமனை நடத்தி வந்தார் டாக்டர் உமையாள். ஜெசிந்தா அவரைவிட வயதில் மூத்தவள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். பிள்ளைகள் வளர்ந்தபின், டாக்டருக்குத் துணையாக நின்று வைத்தியம் பார்க்கும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புப் படிக்க ஆசை வந்தது. கல்லூரியில் போய்க் கேட்டாள். "முதல்ல நோயாளிகளோட கொஞ்ச காலம் இருந்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

இங்கே வந்த நாளிலிருந்து கால் கழுவுகிறாள். கழுவி, விரல் இடுக்குகளில் ஈரம் ஒற்றி, டாக்டரிடம் அனுப்புகிறாள்.

"வேற என்ன செய்யணும்க்கா?"

"கட்டுப் போடணும். ஊசி போடணும். நாளைக்குக் காலேஜ்ல போய் உட்கார்ந்தா, என்ன தெரியும்னு கேப்பாங்கல்ல?"

உமையாள் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க."

ஜெசிந்தா உட்கார்ந்தாள்.

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தார். அவள் பாதத்தைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்.

"ஐயோ, விடுங்க டாக்டர்!"

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று மாதா கோயிலில் சாமியார் ஊர்க்காரர்கள் காலைக் கழுவுவதைப் பார்த்திருக்கிறாள். தன் காலை இன்னொருவர் கழுவியதில்லை.

டாக்டர் விடவில்லை. கழுவினார். துடைத்தார். பிறகு தன் புறங்கையை இரண்டு பாதங்களின் மேலும் மாற்றி மாற்றி வைத்துச் சூடு பார்த்தார்.

"நிக்கிறப்ப இடது கால்லதான் பாரம் கொடுக்கிறீங்க. இந்தப் பெருவிரல் நகம் எப்பவோ பெயர்ந்து முளைச்சிருக்கு. குதிகால் வெடிப்பு போர்வையில மாட்டும். சரியாக்கா?"

"சரிதான்."

நகம் பெயர்ந்ததை அவளே மறந்திருந்தாள்.

"காலையில யார் காலைக் கழுவினீங்க?"

ஜெசிந்தா யோசித்தாள். முகங்கள் வந்தன. ஒரு கால்கூட நினைவுக்கு வரவில்லை.

டாக்டர் துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து அவள் மெதுவாகக் கழுவினாள். வரிசை நீண்டது. சிலர் முணுமுணுத்தார்கள். வேறு சிலர், கால் தண்ணீருக்குள் இருக்கும்போதே வீட்டுக் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். இரவில் படுத்தால், சீக்கிரம் விடிந்து வேலைக்கு வந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

தைப்பூசத்துக்கு முன்னால், பாத்திரக்கடை அடைக்கப்பன் மாலை போட்டுக்கொண்டு வந்தார். வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறவர்.

"சும்மா ஒரு பார்வை பார்த்து அனுப்புங்கம்மா. நாளைக்குக் கெளம்புறோம்."

கால் சுத்தமாக இருந்தது. புண் இல்லை. கொப்புளம்கூட இல்லை.

ஜெசிந்தா புறங்கையை வலது பாதத்தின் மேல் வைத்தாள். அப்புறம் இடது. மறுபடியும் வலது.

"இங்க வலிக்குதாய்யா?"

"எங்க?"

அவள் தொட்டதே அவருக்குத் தெரியவில்லை.

இன்னொரு முறை துடைத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

டாக்டர் கையுறையோடு வேறொருவர் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அடைக்கப்பன் ஐயாவுக்கு வலது பாதம் சூடா இருக்கு. வெளியில ஒண்ணும் தெரியலை. வலியும் இல்லைங்கிறார். என் பிரமையாக்கூட இருக்கலாம்."

"பிரமையா?"

ஜெசிந்தா தன் புறங்கையைப் பார்த்தாள்.

"இல்லை டாக்டர்."

"எக்ஸ்ரேக்கு அனுப்புங்க. நடக்க விடாதீங்க. சக்கர நாற்காலியில போகட்டும்."

அடைக்கப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா நடந்து வந்தவனை இப்படியா தள்ளிக்கிட்டுப் போவீங்க?" என்று வழியெல்லாம் சத்தம் போட்டார். ஜெசிந்தா தள்ளிக்கொண்டே போனாள்.

பாதத்தின் நடு எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. எப்போது, எங்கே அடிபட்டதென்று அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரையால் உணர்ச்சி போன கால். இதோடு பழனிவரை நடந்திருந்தால் பாதம் நொறுங்கியிருக்கும் என்றார் டாக்டர்.

மாவுக்கட்டுப் போடுவதை அடைக்கப்பன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரை விட்டுவிட்டு ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"கார்ல போனா முருகன் ஏத்துக்குவானாம்மா?"

"அது எனக்குத் தெரியாதுய்யா. உங்க கால் பொழச்சிருச்சு. எனக்கு அது போதும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்குப் பஞ்சாமிர்தம் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அழைத்துப்போக வந்த மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார்.

கார் போனதும்தான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. வேகமாக உள்ளே வந்தாள்.

"டாக்டர், எக்ஸ்ரேக்கு அனுப்புறதுக்கு முந்தி நீங்க அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கலையே?"

உமையாள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க தொட்டுட்டுத்தானேக்கா வந்தீங்க."