முகமில்லாத பரங்கிக்காய்

கோணங்குளத்துக்காரர்களைப் பற்றி ஊர் உலகம் சொல்வதை நம்பாதீர்கள். பக்கத்து ஊரில் இருக்கும் நான் சொல்வதை நம்புங்கள். அவர்கள் எதையும் யோசிக்காமல் செய்கிறவர்கள் இல்லை. நன்றாக உட்கார்ந்து யோசித்துத்தான் செய்வார்கள். அதுதான் கஷ்டமே.

ஒரு வருஷம் பரங்கிக்காய் நல்ல விலைக்குப் போனது என்று யாரோ சொல்ல, மறு வருஷம் ஊர் முழுக்கப் பரங்கியே போட்டார்கள். ஐப்பசியில் காய்கள் முற்றி, ஊர்ப் பொதுவான மந்தைத் திடலில் மலையாகக் குவிந்தன. வாங்க ஆள் இல்லை. உள்ளூரில் விற்கலாம் என்றால் எல்லார் வீட்டிலும் கூட்டும் அதுதான், குழம்பும் அதுதான். மழை வேறு இறங்கப்போகிறது. குவியல் அழுகிப்போனால் அடுத்த விதைப்புக்கு அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

அந்த நேரத்தில்தான் மலைமேல் இருக்கும் விடுதியின் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். விடுதியில் வெளிநாட்டு விருந்தாளிகள் தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை வருகிறது, அறுவடை முடிந்து குளிர் தொடங்கும்போது கொண்டாடுவது என்றார். அன்றைக்குப் பேய்கள் உலாவுமாம். பரங்கிக்காயைக் குடைந்து, பயங்கரமாக முகம் செதுக்கி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி வாசலில் வைத்தால் பேய் ஓடிவிடுமாம். அப்படி நாலு காய் செய்து கொண்டுவர வேண்டும். விருந்தாளிகளுக்குப் பிடித்துவிட்டால் மந்தையில் இருக்கும் குவியல் முழுவதையும் விடுதியே வாங்கிக்கொள்ளும்.

ஊர்த் தலைவர் கொண்டல்சாமி, எப்போதும் எல்லாரும் பேசி முடித்த பிறகு பேசுவார். அதனாலேயே அறிவாளி என்று பெயர் வாங்கியவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“நம்மூர்ல திருஷ்டிக்குப் பூசணிக்காயில மூஞ்சி எழுதித் தொங்க விடுவோம்லா, அது மாதிரியா சார்?”

மேனேஜருக்கு அவசரம். “ஆமா, ஆமா, அதே மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அதை அவர் சொல்லாமலே போயிருக்கலாம்.

கொண்டல்சாமி, மாசானம், இருளப்பன், இருளப்பன் சம்சாரம் பிச்சம்மாள் ஆகிய நாலு பேரும் ரேஷன் கடைக்குப் பின்னால் இருந்த காலி அறையில் கத்தியோடு உட்கார்ந்தார்கள். முதலில் யோசனை.

“பேய் பயப்படணும்னா, பேய்க்கு எதைப் பாத்தாப் பயம்னு தெரியணும்லா” என்றான் மாசானம்.

“பேயும் ஒரு காலத்துல ஆளுதான. ஆளா இருக்கையில எதுக்குப் பயந்துச்சோ, அதுக்குத்தான் இப்பவும் பயப்படும்” என்றாள் பிச்சம்மாள்.

இதில் பிழை சொல்ல யாராலும் முடியவில்லை. ஆகவே அவரவருக்கு எந்த முகம் பயமோ அந்த முகத்தைச் செதுக்குவது என்று முடிவானது. மாசானம், தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டரைச் செதுக்கினான். இருளப்பன், தன்னைத் தெருத்தெருவாகத் துரத்திய வான்கோழியைச் செதுக்கினான். பிச்சம்மாள், இருளப்பன் பாட்டுப் பாடும்போது அவன் முகம் எப்படி இருக்குமோ அதை அப்படியே செதுக்கினாள். கொண்டல்சாமி, தனக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது என்று சொல்லி, தன் காயில் கத்தியே வைக்கவில்லை.

நாலையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். முதல் மூன்றையும் எப்படியோ சமாளித்துப் பார்த்துவிட்டார்கள். நாலாவதைப் பார்க்க முடியவில்லை.

“மத்ததெல்லாம் என்ன நெனைக்குதுன்னு மூஞ்சியில தெரியுது அண்ணாச்சி. இது என்ன நெனைக்குதுன்னே தெரியலியே” என்றான் இருளப்பன். கொண்டல்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் இருந்த மூன்றையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். நாலாவதன் மேல் ஒரு புதுத் துண்டைப் போட்டு மூடினார்கள்.

பண்டிகை நாள் சாயங்காலம் காய்களைச் சுமந்துகொண்டு விடுதி வாசலுக்குப் போய், முகம் இருந்த மூன்றிலும் மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். மலைக்காற்று கண் ஓட்டை வழியாக நுழைந்து அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி அணைந்தது. காற்று வருவதே ஓட்டை வழியாகத்தானே என்று மாசானம் கண்டுபிடித்தான். கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் களிமண் வைத்து அடைத்தார்கள். அப்புறம் உள்ளே எரிகிறதா என்று சந்தேகம் வந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் அணைகிறது. எட்டிப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை போட்டார்கள். அதன் வழியாகக் காற்று வந்தது. அதையும் அடைத்தார்கள். கடைசியில், எரிகிறது என்றே வைத்துக்கொள்வது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

அப்போதுதான் விடுதிக்குள்ளிருந்து பேய்கள் வந்தன.

அந்தப் பண்டிகைக்கு விருந்தாளிகள் பேய் வேஷம் போடுவார்கள் என்பதை மேனேஜர் சொல்ல மறந்திருந்தார். வெள்ளைப் போர்வை ஒன்று, எலும்புக்கூடு இரண்டு, வாயெல்லாம் ரத்தமாக ஓர் அம்மாள். ஓடவேண்டிய பேய்கள் ஓடவில்லை. காய்களைச் சுற்றி நின்று சந்தோஷமாகக் கை தட்டின.

“பயப்பட மாட்டேங்குதே. இனி என்ன செய்ய?” என்றாள் பிச்சம்மாள்.

“அதே மாதிரிதான்னு மேனேஜர் சொன்னாருல்லா” என்றார் கொண்டல்சாமி.

அதற்குமேல் பேச்சில்லை. முகம் இருந்த ஒவ்வொரு காயின் தலையிலும் சூடத்தை ஏற்றி, பேய்களை நிற்க வைத்து முறையாகச் சுற்றி, நடுரோட்டில் போட்டு உடைத்தார்கள். டாக்டர் சிதறினார். வான்கோழி சிதறியது. இருளப்பன் சிதறியபோது பிச்சம்மாளுக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. பேய்கள் முன்னைவிடப் பலமாகக் கை தட்டின. நாலு பேரும் ஓட்டம் பிடித்தார்கள். முகமில்லாததை மட்டும் துண்டோடு தூக்கிக்கொண்டே ஓடினார்கள். விட்டுவிட்டுப் போனால் அது என்ன நினைக்கும் என்று தெரியாதே.

ஊருக்கு வந்ததும் கூட்டம் போட்டார்கள். பேய்களுக்குப் பரங்கிக்காய் என்றால் பயமில்லை, பிரியம்தான் என்பதை நாலு பேரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். மந்தையிலோ மலை மாதிரிக் குவியல். வாசனை பிடித்துப் பேய்கள் எல்லாம் மலையிறங்கி வந்துவிட்டால்? ஊரே திரண்டு குவியல் முழுவதற்கும் சூடம் காட்டி, விடிவதற்குள் ஒரு காய் விடாமல் உடைத்துப் போட்டது.

விடிந்ததும் விடுதியின் லாரி வந்து நின்றது. டிரைவர் சங்கிலி, கோணங்குளத்தில் பெண் கட்டியவர். மேனேஜருக்கு ஏக சந்தோஷம் என்றார். எங்கள் ஊரில் காயை வைத்து வெறுமே பார்த்துக்கொண்டிருப்போம், இங்கே எவ்வளவு அழகாக உடைக்கிறார்கள் என்று விருந்தாளிகள் பூரித்துப் போனார்களாம். ஆளுக்கு ஒன்று உடைத்தே தீர வேண்டுமாம். குவியல் மொத்தமும் உடனே வேண்டுமாம்.

எல்லாரும் மந்தையைப் பார்த்தார்கள். கணுக்கால் அளவு மஞ்சள் சேறு. எனக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை.

“ஒண்ணு இருக்கு” என்றார் கொண்டல்சாமி.

துண்டோடு கொண்டுவந்து லாரியின் பின்னால் வைத்தார்கள். டிரைவர் பயந்துவிடக் கூடாது என்று அதன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைக்கப் பார்த்தார்கள். முகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வெயில் ஏறும்வரை உருட்டினார்கள். உருட்ட உருட்டச் சங்கிலிக்கு முகம் வெளுத்தது.

“எனக்குப் பின்னால உக்காந்து இது என்ன பண்ணுதுன்னு தெரியாம நான் மலையேற மாட்டேன், மாமா” என்றார். “இது முன்னால போகட்டும். நான் பின்னால வாறேன்.”

கொண்டல்சாமி யோசித்துவிட்டு, அதுதான் சரி என்றார். சங்கிலி காயை விட்டுக் கண்ணை எடுக்காமல், லாரியை ரிவர்ஸிலேயே மலைமேல் ஏற்றிக்கொண்டு போனார்.

நாலு பேரும் கீழே ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரியின் முன்பக்கம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“மேனேஜருக்கு அந்த ஒரு காயும் பிடிக்கல போல” என்றான் மாசானம் வருத்தமாக. “லாரி திரும்பி வருது.”

“வரட்டும். வழி விடுங்க” என்றார் கொண்டல்சாமி. நாலு பேரும் ஓரமாக ஒதுங்கி, லாரி வந்து சேர்வதற்காகக் காத்து நின்றார்கள். மத்தியானம் நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தபோதும் அங்கேயேதான் நின்றார்கள்.