அடிக்கட்டைக்கு ஒரு குளியல்

பொள்ளாச்சிப் பக்கம் தெய்வசிகாமணி என்றொரு தோப்பு முதலாளி. அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது, தெரிந்ததும் அதிகமில்லை. தென்னை அடிக்கட்டைகளை அறுக்க மெஷின் ரம்பமும் அதில் சுற்றும் பல் சங்கிலியும் வாங்கப் போனார்.

"மொக்கைப் பல் சங்கிலி மெதுவா அறுக்கும், ஆனா மண்ணுக்குத் தாங்கும்" என்றார் கடைக்காரர்.

"மொக்கையை நீயே வச்சுக்க" என்று ஊசிப் பல் சங்கிலியாகப் பொறுக்கி வந்தார்.

மண் அப்பிய கட்டையில் ரெண்டே நிமிஷத்தில் பல் மழுங்கிவிட்டது.

"கட்டையைக் கழுவிட்டு அறுக்கலாமுங்க" என்றான் வேலையாள் ஆறுக்குட்டி.

"கட்டைக்குக் குளியலா? துளி மண்ணு என்னடா பண்ணும்? பொழுதுக்குள்ள அத்தனையும் அறுக்கலைன்னா வேலைய விட்டு நின்னுக்க. முதல்ல எனக்குச் சோறாக்கு!"

ஆறுக்குட்டி தோப்பில் கீரை பறித்து, அப்படியே பொரியல் செய்து இலையில் வைத்தான். முதல் வாயிலேயே நறநறவென்று மண் கடிபட்டது.

"கீரையைக் கழுவலையாடா? என் பல்லு போச்சே!"

"துளி மண்ணுதானுங்களே, அது என்ன பண்ணுமுங்க?"

மறுநாள் மொக்கைப் பல் சங்கிலி வந்தது. ஆறுக்குட்டி கட்டை கட்டையாக அறுத்துக்கொண்டே போனான். அவனுக்கு முன்னால் தண்ணீர்க் குடத்தோடு கட்டைகளைக் கழுவிக்கொண்டு போனவர், ஒரு கையால் கன்னத்தைப் பிடித்திருந்தார்.