தலைக்கவசத்துக்கு அளவு

ரோமாபுரி கொடிகட்டிப் பறந்த காலம். ஒரு சிற்றூரில் வீரர்கள் உயிரைப் பணயம் வைத்து மோதும் கிளாடியேட்டர் சண்டை நடத்த வந்தார் நுமிசியுஸ் என்ற பெரிய மனிதர். களத்தில் தோற்பவன் ஒரு விரலைத் தூக்கினால், உயிர்ப்பிச்சை கேட்கிறான் என்று அர்த்தம். கொடுப்பதும் மறுப்பதும் விழா நடத்துபவர் கையில்.

"என் விழாவில் விரல் தூக்கியவனுக்கு மன்னிப்பே கிடையாது!" என்று வீரர்கள் முன்னால் முழங்கினார் நுமிசியுஸ். அதோடு விட்டாரா? தலைக்கவசம் செய்யும் அடிமை கார்ப்புஸைக் கூப்பிட்டார். "போட்டவன் விரலே தூக்காத மாதிரி ஒரு கவசம் செய். முடியாவிட்டால் நாளைக்கு நீயே களத்தில் இறங்கு."

கார்ப்புஸ் தலையைச் சொறிந்தான். "செய்துவிடலாம் எஜமான். ஆனால் விரல் தூக்காத வீரன் தலையில்தான் அளவெடுக்க வேண்டும். இந்த ஊரில் அப்படிப்பட்ட தலை தங்களுடையது ஒன்றுதானே?"

எஜமானுக்கு உச்சி குளிர்ந்தது. தலையைக் கொடுத்தார். அளவு பார்க்க ஓர் இரும்புக் கவசம் இறங்கியது. வெளிப்பக்கம் கொக்கி விழுந்தது.

"கேடயத்தோடு பத்துச் சுற்று ஓடுங்கள், எஜமான்."

கண்ணுக்கு இரண்டே சின்ன ஓட்டை. விட்ட மூச்செல்லாம் முகத்திலேயே அனலாக அடித்தது. மூன்றாவது சுற்றில் தூணில் மோதினார். நான்காவதில் கொக்கியைத் தடவித் தடவிப் பார்த்தார், அகப்படவில்லை. ஐந்தாவதில் மண்டியிட்டு விரலைத் தூக்கினார்.

வீரர்கள் சுற்றிக் கூடினார்கள். கார்ப்புஸ் பணிவாகக் குனிந்தான். "விரல் தூக்கியவனுக்கு மன்னிப்பில்லை என்பது தங்கள் உத்தரவு. திறக்கலாமா, எஜமான்?"

"உத்தரவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், திறடா!"

மறுநாள் சண்டை தொடங்குமுன்பே, ஒருவன் கவசத்தைச் சரிசெய்யக் கையைத் தூக்கினான்.

"மன்னித்தேன், மன்னித்தேன்!" என்று துள்ளி எழுந்தார் நுமிசியுஸ்.