மூன்று முறை விழுந்த கயிறு

நில அளவையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்ற பிறவிப்பெருமாளுக்கு வயது அறுபத்தெட்டு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட வடிவம்மைக்கு நாற்பத்தொன்று. ஆற்றங்கரையில் இருந்த அவளுடைய சின்ன மடத்துக்கு வாரம் தவறாமல் வருவார். வயதை இருவருமே பொருட்படுத்தியதில்லை.

அன்று ஒரு தடித்த நூலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நிராமய முனிவரின் ஆயிரத்து நானூறு சூத்திரம். படித்தவர்களே பாதியில் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடும் நூல் அது.

“வலது கண்ணு போயிட்டும்மா. இடது கண்ணும் தை மாசம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள இதைப் படிக்கணும். எங்க தொடங்கட்டும்?”

“மத்தவங்க என்ன சொன்னாங்க?”

“ஒருத்தர் உரையில தொடங்குங்காரு. ஒருத்தர் மூணாம் பாகம்ங்காரு. ரெண்டு வருஷமா விசாரிக்கேன்.”

“முதல் பக்கத்துல தொடங்கினா என்ன?”

“அதை அவரு கடைசியாத்தான் எழுதினாருன்னு சொல்லுதாங்க. முதல் கல்லு தப்பினா அளவு பூராவும் தப்பிருமே.”

விசாரித்த நேரத்தில் பாதி நூலை முடித்திருக்கலாம். வடிவம்மை அதைச் சொல்லவில்லை. ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டினாள்.

“கயிறு சாத்திப் பாருங்க.”

கண்ணை மூடிக்கொண்டு, மூடிய நூலுக்குள் கயிற்றைச் செருகி, அது விழுந்த பக்கத்தையே விடையாக எடுத்துக்கொள்வது அந்த மடத்து வழக்கம்.

பிறவிப்பெருமாள் செருகினார். பிரித்துப் பார்த்தவர் சட்டென்று மூடிவிட்டார்.

“இது சரியில்ல. இன்னொரு தடவை பாக்கேன்.”

மறுபடியும் அதே பக்கம். மூன்றாம் முறையும் அதே பக்கம்.

“அந்த எடத்துல தையல் விட்டுப்போச்சும்மா. எப்பவும் அங்கதான் பிரியும். இதைக் கணக்குல சேக்கக் கூடாது.”

“தையல் ஏன் விட்டுச்சு?”

அவர் கயிற்றை உருவிவிட்டு நூலை மூடினார்.

“என் வீட்டுக்காரி போன அன்னைக்கு, ஏதாவது ஆறுதல் கிடைக்கும்னு பிரிச்சேன். ஒரு வரி படிச்சேன். அப்படியே குப்புறப் போட்டுட்டு எந்திரிச்சிட்டேன். பதினாறாம் நாள் முடியுத மட்டும் யாரும் எடுக்கலை. அப்புறம் எப்ப எடுத்தாலும் அங்கதான் பிரியும், உடனே மூடிருவேன்.”

“என்ன வரி?”

அவர் நூலைப் பார்க்காமலே சொன்னார். “போனது உன்னுடையது என்றால், போகுமுன் உன்னிடம் சொல்லியிருக்கும்.”

குரல் உடைந்துவிட்டது. அடக்கி வைத்திருந்த கோபமும் கூடவே வந்தது.

“அவ தூக்கத்துலயே போனா. ஒரு வார்த்தை சொல்லத்தான் இல்ல. அதுக்காக, முப்பத்தெட்டு வருஷம் என்கூட வாழ்ந்தவ என்னோடவ இல்லேன்னு சொல்ல இவரு யாரு? பதினோரு வருஷமா, விடிஞ்சா எந்திரிச்சா இந்த மனுஷன்கூடதான் எனக்குச் சண்டை.”

வடிவம்மை நூலைத் தன் பக்கம் இழுத்தாள். அது தானாகவே பிரிந்தது. ஜன்னல் வெளிச்சம் விழும்படி திருப்பி அவர் மடியில் வைத்தாள்.

“அப்ப நீங்க தொடங்கிப் பதினோரு வருஷம் ஆச்சுல்லா, ஐயா. கண்ணு இருக்கும்போதே அடுத்த வரியைப் படிங்க.”